வாய்மொழி உத்தரவு செல்லாது

எங்கள் வீட்டில் ‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’ கார்ட்டூன் படத்தின் மூன்றாம் பாகம் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. சின்னவளுக்கு மூன்றரை வயதில் ஆரம்பித்தது, இப்போது அவளுக்கு ஏழு. சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு என்று நான் அரைக்காதில் கேட்ட அளவுக்கு வேறெந்தப் படத்தையும் கேட்டதில்லை. பூண்டு கலந்த குவாக்கமோலியைத் தின்றுவிட்டு டிராகுலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளியும் இடம் வந்தால் சிரிப்பில் வீடு அதிரும். ரத்தக்காட்டேரிக்குப் பூண்டுதான் எமன் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்க, இந்தப் படத்தில் அது வெறும் வாயுத் தொல்லை. சரி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபம் வேறு. அதைப் பல நாளாக யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தேன், வீட்டுக்காரர் ஒரு கட்டத்தில் “இதை அந்த டைரக்டருக்கே மெயில் போட்டுடு” என்று சொல்லும்வரை.

முதல் பாகம் பார்த்தவர்களுக்கு ‘ஜிங்’ என்றால் என்னவென்று தெரியும். அந்தப் பூதங்களின் உலகத்தில் காதல் வருவது அப்படித்தான். கண்ணும் கண்ணும் சந்திக்கும், உள்ளே பொறி தட்டும், அவ்வளவுதான், ஆயுசுக்கும் முடிந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அது வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. மனைவி மார்த்தாவை ஊர்ச்சனம் தீவட்டியோடு வந்து கொன்றபின், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு டிராகுலா 1895இல் எழுப்பிய கோட்டைதான் அந்த ஹோட்டல். மகள் மேவிஸுக்கு ஒரு மனிதப் பையன்மேல் ஜிங் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தப் பிடிவாதக்கார அப்பா இறங்கி வருகிறாரே, அதற்கும் அதே விதிதான் காரணம். இவனை விட்டால் அவளுக்கு இன்னொன்று வராது. 2012இல் வந்த அந்தப் படம் முழுக்க அந்த ஒற்றைத் தூணில் நிற்கிறது. அப்படியிருக்க, 2018இல் வந்த மூன்றாம் பாகத்தில் அதே டிராகுலா ஒரு கப்பல் கேப்டனைப் பார்த்து நாக்குக் குழறி நிற்கிறார். இரண்டாவது ஜிங். இதென்ன அநியாயம்? நீங்களே போட்ட விதியை நீங்களே மீறினால் அப்புறம் எதற்கு விதி? சுமார் 8 கோடி டாலரில் எடுத்து, உலகமெங்கும் 52 கோடி டாலருக்கு மேல் வாரிய படம், தொடரிலேயே அதிகம் சம்பாதித்தது அதுதான். கல்லா நிரம்ப வேண்டும் என்றால் மார்த்தாவாவது ஒன்றாவது என்று நான் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு கோபம் ஒரு கார்ட்டூன் மேல் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

மிதக்கும் ஹோட்டல்

கதை தெரியாதவர்கள் குறைவு, அதனால் சுருக்கமாக. ஹோட்டலில் ஒரு கல்யாணம். எல்லாரும் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், டிராகுலா மட்டும் ஒற்றையாக நிற்கிறார். அப்புறம் மகளுக்குத் தெரியாமல் கைபேசியில் துணை தேடிப் பார்க்கிறார், அதுவும் சரிப்படவில்லை. மேவிஸ் கவனிக்கிறாள். அப்பாவின் முகம் வாடியிருக்கிறது என்பது வரைக்கும் சரியாகப் பார்த்துவிட்டு, காரணத்தை மட்டும் தப்பாகப் பிடிக்கிறாள்: வேலை அதிகம், ஓய்வு தேவை. உடனே குடும்பம், கூட்டாளிகள், பேரன் டென்னிஸ் எல்லாரையும் சேர்த்து, பூதங்களுக்கென்றே விடப்பட்ட உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டுவிடுகிறாள். பெர்முடா முக்கோணத்தில் ஏறி அட்லாண்டிஸ் வரை. கப்பலின் பெயர் ‘லெகசி’, அதாவது மூதாதையர் விட்டுப்போன சொத்து. கேப்டன் எரிக்கா யாரென்றால் டிராகுலாவை அந்தக் காலத்திலிருந்து துரத்திய வான் ஹெல்சிங்கின் கொள்ளுப்பேத்தி. கிழவனும் சாகவில்லை, கப்பலின் அடித்தளத்தில் பாதி இயந்திரமாகக் கிடக்கிறான். படத்தின் முதல் காட்சி 1897இல் புடாபெஸ்ட் போகும் ரயிலில் நடக்கிறது, பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் வெளியானதும் அதே 1897இல்தான். குழந்தைகள் கவனிக்கப்போவதில்லை, ஆனாலும் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள்.

டைரக்டர் ஜெண்டி டார்டகோவ்ஸ்கிக்கு மூன்றாவதை எடுக்கும் எண்ணமே இருக்கவில்லையாம். ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’யும் ‘சாமுராய் ஜாக்’கும் செய்த ஆள், தொண்ணூறுகளில் பள்ளி விட்டு வந்து கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. குடும்பத்தோடு, மாமனார் மாமியார் சகிதம், ஒரு சொகுசுக் கப்பலில் போய்வந்த பிறகுதான் இந்தக் கதை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் அது தெரிகிறது. ஓநாய்த் தம்பதி வேய்னும் வாண்டாவும் வண்டி வண்டியாகப் பெற்றுப்போட்ட குட்டிகளோடு கப்பலேறுகிறார்கள். குழந்தைகளை விட்டுவிட்டுப் போக அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை மாமனார் மாமியாரோடு பயணம் போன ஒருவரால்தான் வரைய முடியும். டென்னிஸ் வீட்டைவிடப் பெரிய நாய்க்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி ஒரு பயணியாகக் கூட்டி வருகிறான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிராகுலாவின் அப்பாவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் மெல் புரூக்ஸ், டிராகுலாவைக் கிண்டல் செய்து 1995இல் தானே ஒரு படம் எடுத்தவர்.

படம் பார்க்க ஏன் அலுக்கவில்லை என்றால், அசைவு. முப்பரிமாணக் கணினிப் படம்தான், ஆனால் உருவங்கள் பழைய கையால் வரைந்த கார்ட்டூன் மாதிரி இழுபடும், நசுங்கும், ஒரு நொடி உறைந்து நின்றுவிட்டு அடுத்த நொடி இன்னொரு மூலையில் இருக்கும். டிராகுலா நடப்பதே இல்லை, தரையில் வழுக்கிக்கொண்டு போவார். கடலடி இடிபாடுகளில் எரிக்கா ஒரு பொருளைத் தேடிப் போகும்போது சுவரிலிருந்து அம்பும் கத்தியும் பாய, டிராகுலா அவளைக் காப்பாற்றிக்கொண்டே வர, அது தானாக ஒரு ஜோடி நடனமாக மாறிவிடும். வசனம் கிடையாது. அவள் அவரைக் கொல்ல வந்தவள், அவர் அவளுக்காக அம்புகளை முதுகில் வாங்கிக்கொண்டு ஆடுகிறார். அந்த இடத்தில் நான் துணி மடிப்பதை நிறுத்திவிடுவேன். அப்புறம் மறுபடி கோபம் வந்துவிடும், ஒரு தடவைதான் என்றீர்களே என்று.

ஐந்தரை மணிக்குக் கட்டிவிடுவார்கள்

போன டிசம்பரில், அரைப்பரீட்சை லீவில், அப்பாவை அழைத்துக்கொண்டு ஆலப்புழைக்குப் போனோம். ‘அழைத்துக்கொண்டு’ என்று எழுதுவது நாகரிகத்துக்காக. நடந்தது என்னவென்றால், நான் படகை புக் செய்து, ரயில் டிக்கெட் போட்டு, கும்பகோணத்துக்கு போன் செய்து, “அப்பா, இருபத்தாறாம் தேதி கிளம்பறோம், ஸ்வெட்டர் வேண்டாம்” என்றேன். அம்மா போய் ஆறு வருஷம். அப்பா வங்கியிலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருஷம். தனியாகத்தான் இருக்கிறார், சென்னைக்கு வரமாட்டேன் என்கிறார், காலையில் இட்லி மாவுக்குக் கூட அவரே போகிறார். கொஞ்ச நாளாக ராத்திரி எட்டு மணிக்கு நான் கூப்பிட்டால் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று வரும். திரும்பக் கூப்பிடும்போது ஏதோ யோசனையில் இருப்பவர் மாதிரி ‘ம்’, ‘ம்’ என்பார். எனக்கு அது தனிமை, களைப்பு, ஒருவேளை சர்க்கரை. ஒரு மாற்றம் வேண்டும் அவருக்கு. பேத்தியோடு இரண்டு நாள் தண்ணீரில் மிதந்தால் தெளிந்துவிடுவார். மேவிஸ் கூட இவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கமாட்டாள், ஆனால் அந்த ஒப்புமை எனக்கு அப்போது படவில்லை. நூறு தடவை பார்த்த படம்.

கெட்டுவள்ளம் என்பது ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போன படகு, பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். இப்போது அதில் ஏசியும் கட்டிலும் போட்டு நம்மை ஏற்றுகிறார்கள். பகல் முழுக்க நன்றாகத்தான் போயிற்று. வேம்பநாட்டுக் காயல், கரையில் துணி துவைப்பவர்கள், கரிமீன் வறுவல். அப்பா முள் எடுத்துப் பேத்திக்கு ஊட்டினார். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் படகு ஓட்டக் கூடாது, மீனவர்கள் வலை போடுகிற நேரம். ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் விடியும்வரை என்ன செய்வது? டிவி ஓடவில்லை. போனில் ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கொசு. சின்னவள் டேப்லட்டை எடுத்தாள். அதில் இறக்கி வைத்திருந்தது ஒரே ஒரு படம், எது என்று சொல்லத் தேவையில்லை. “தாத்தா, நீங்களும் பாருங்க” என்று பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். பொம்மைப் படமெல்லாம் அப்பா பார்க்கமாட்டார். அன்றைக்கு வேறு வழியில்லை.

அவர் பார்க்கிற விதமே தனி. கிளை ஆடிட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சிரிக்காமல், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வருவார். பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கும் இடத்தில் அவர் கப்பலில் வேலை செய்யும் மீன்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். மேவிஸ் கப்பல் டிக்கெட்டை அறிவிக்கும் இடம் வந்தது.

“ஏம்மா, அந்தப் பொண்ணு அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே டிக்கெட் போட்டுடுச்சா?”

“சர்ப்ரைஸுப்பா.”

“ஓஹோ,” என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சர்க்குலர்

அதற்குப் பிறகு எனக்குப் படம் ஓடவில்லை, அவர் முகம்தான் ஓடியது. எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து, “பாத்துட்டே இரு பாப்பா, வந்துடறேன்” என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகின் பின்கோடிக்குப் போனார். அங்கேதான் அந்த ஒரு கோடு சிக்னல் கொஞ்சம் நிலையாக இருந்தது போல. சமையல்காரரின் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி பேசினார். ஸ்கோர் கேட்கிறார் என்று நினைத்தேன். ஸ்கோர் கேட்பவர்கள் இத்தனை மெதுவாகப் பேசமாட்டார்கள். ஒரு இடத்தில் சிரித்தார். அப்பா போனில் சிரித்து நான் கேட்டது அம்மா இருந்தபோது.

திரும்பி வந்தபோது படத்தில் அந்த நடனம் முடிந்திருந்தது. சின்னவள் கதையின் மிச்சத்தை அவருக்கு மூச்சுவிடாமல் சொன்னாள். தாத்தாவுக்கு ஜிங் என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்தாள். அப்புறம் என் பங்குக்கு நானும் வாயைத் திறந்தேன், பழக்கதோஷம்: “இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்குப்பா. முதல் பாகத்துல ஜிங் ஒரு தடவைதான் வரும்னு சொல்லிட்டு, இதுல ரெண்டாவதா வர வச்சிட்டாங்க.”

“ஒரு தடவைதான்னு யார் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“அவரும் சொன்னாரா?”

“அவரும்தான் அதை நம்பிட்டிருந்தார்.”

“எந்த சர்க்குலர்ல இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “வாய்மொழி உத்தரவு செல்லாதும்மா. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் பண்ணவன் சொல்றேன். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்கன்னு ஒரு கிளையில சொல்லுவாங்க. எழுத்துல காட்டுன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் இருக்காது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த அம்மா போய் எத்தனை வருஷம் ஆச்சு?”

எந்த அம்மா என்று ஒரு நொடி புரியவில்லை. மார்த்தாவைக் கேட்கிறார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். “நூத்தி இருபதுக்கு மேல இருக்கும்ப்பா.”

“அடேயப்பா,” என்றார். அப்புறம் பேத்தியிடம், “கடைசியில கல்யாணம் ஆகுதா, ஆகலையா? அதைச் சொல்லு முதல்ல.”

அன்று ராத்திரி, எல்லாரும் படுத்தபின், நானே கேட்டேன். எட்டு மணிக்கு யார் என்று. மறைக்கவில்லை. மாயவரம் கிளையில் கூட வேலை பார்த்தவர்கள், கணவர் போய் எட்டு வருஷம், ஒரு ஓய்வூதியர் கூட்டத்தில் மறுபடி பார்த்தது, அதிலிருந்து தினமும் பேச்சு. “ஒண்ணும் இல்லம்மா. சாயங்காலத்துல பேச ஒரு ஆள். இன்னைக்கு என்ன குழம்புன்னு கேக்க ஒரு ஆள்.” நானும் அதைத்தானே தினமும் கேட்கிறேன் என்று வாய்வரை வந்தது. நான் கேட்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத வயதில் நான் இல்லை.

இதற்கப்புறம் நான் நடந்துகொண்டதைத்தான் எழுத வேண்டும் என்று பல நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியதும் தம்பிக்கு போன் செய்தேன். இருவரும் சேர்ந்து அந்தம்மாவை ஆராய ஆரம்பித்தோம். சொந்த வீடா, வாடகையா? பென்ஷன் உண்டா? பையன் எங்கே இருக்கிறான், எதற்கு அம்மாவைத் தனியாக விட்டிருக்கிறான்? கடன் இருக்குமோ? தம்பி பேஸ்புக்கில் தேடினான். கோவில் போட்டோக்களும் வெட்டிவேர்க் குளியல்பொடி பற்றிய ஒரு பகிர்வும்தான் கிடைத்தன. ஒரு குறையும் அகப்படவில்லை, அதுதான் எங்களுக்குப் பெரிய குறையாக இருந்தது. இரண்டு மூன்று வாரம் இப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வழக்கம்போலப் படத்தைப் போட்டாள். மேவிஸ் அந்தக் கேப்டனைச் சந்தேகப்பட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பின்தொடரும் இடம். அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

மேவிஸுக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்கள். அப்பாவுக்குப் பிடித்துப்போனவள் நிஜமாகவே ஒரு கொலைகாரி. பரம்பரைப் பகை, ஒளித்து வைத்த ஆயுதங்கள், அடித்தளத்தில் இயந்திரக் கொள்ளுத்தாத்தா. அவள் சந்தேகப்பட்டது நியாயம், பின்தொடர்ந்தது நியாயம், எல்லாமே அப்பாவின் உயிரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். திரைக்கதை எழுதியவர்கள் செய்த உண்மையான ஏமாற்று இதுதான், இரண்டாவது ஜிங் இல்லை. எரிக்கா ஒரு சாதாரணக் கேப்டனாக, கொலைத்திட்டம் எதுவும் இல்லாமல், நேரத்துக்குக் கப்பலை ஓட்டிவிட்டுப் போகிறவளாக இருந்திருந்தால் மேவிஸ் என்ன சொல்லியிருப்பாள்? எதை வைத்துக் கண்ணை இடுக்கியிருப்பாள்? மகளின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் எரிக்கா மனம் மாறி, ராட்சதக் கடல் ஜந்துவை மேவிஸின் கணவன் ஜானி ‘மக்கரேனா’ பாட்டு போட்டு ஆட வைத்து, எல்லாரும் ஆடி, வான் ஹெல்சிங் கிழவன் பயணிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சுபம். மேவிஸ் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. எங்கள் கதையில் வெட்டிவேர்க் குளியல்பொடி மட்டும்தான் இருந்தது.

அந்த ஒரு-தடவை விதிமேல் எனக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்பதும் அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. ‘அப்பாவுக்கு அம்மாதான், வேற யாரும் இல்ல’ என்று அம்மாவின் பதிமூன்றாம் நாளன்று அத்தைகள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். தம்பி தலையாட்டினான். அப்பா சாம்பிராணிப் புகைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். அவர் தலையாட்டினாரா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை. முடிவாக வேண்டியது எதுவும் இருக்கிறதா என்பதும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. நான் இப்போது எட்டு மணிக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். பொங்கலுக்கு கும்பகோணம் போனபோது அந்தம்மா ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதிரசம் கல் மாதிரி இருந்தது என்பதைத் தம்பியிடம் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததையும் எழுதிவிடுகிறேன். கடைசியில் ஒரு குறை கிடைத்துவிட்டது. அப்பா மட்டும் அதைக் காபியில் தோய்த்துத் தோய்த்து நாலு தின்றார்.

போன வாரம் அவரே கூப்பிட்டார், ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால். மாவு, மழை, முனிசிபாலிட்டி என்று பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார்.

“பாப்பா சொன்னா, அந்தப் படத்துக்கு நாலாம் பாகம் இருக்காமே?”

“இருக்குப்பா. 2022ல வந்துச்சு. அவர் ரிட்டையர் ஆகி ஹோட்டலை மகள்கிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் ஒப்படைக்கப் பாக்கறதுல ஆரம்பிக்குது. அந்த டைரக்டர் எடுக்கல, வேற ரெண்டு பேர். டிராகுலாவுக்குக் குரலும் வேற ஆளு.”

“அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கேப்டன் பொண்ணு அதுல இருக்காளா?”

“இருக்காப்பா. கல்யாணம் ஆகி அங்கதான் இருக்கா.”

“மகளுக்கும் அவளுக்கும்?”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“சரி, அப்ப அடுத்த தடவை வரும்போது அதையும் இறக்கி எடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.